இதயக் கருவி யாருக்குப் பயன்படும்? இரத்தம் சொல்வதும் சொல்லாததும்

(நல்லூரில் நடைபெற்ற நூற்றாண்டு விழாச் சுகாதாரக் கருத்தரங்கில் பழைய மாணவியர் இருவர் இணைந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்தவர்கள். ஒருவர் இதய நோயாளரைப் பார்க்கும் வைத்தியர். மற்றவர் நாள் முழுக்க இரத்த மாதிரிகளோடு இருக்கும் மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர். "இதய நோய் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்று சங்கம் கேட்டது. உப்பைக் குறையுங்கள், நடவுங்கள் என்று சொல்லிவிட்டு நாங்கள் மேடையை விட்டு இறங்கியிருக்கலாம். நல்ல புத்திமதிதான், ஆனால் அதை நீங்கள் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பீர்கள். ஆகவே வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவியர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டோம். "அம்மாவுக்கு இதயம் பலவீனம் என்கிறார்கள். இரத்தப் பரிசோதனையில் இவ்வளவு வந்திருக்கிறது. கருவி வைத்தால் சுகம் வருமா? காசு அனுப்பட்டுமா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் இலட்சக்கணக்கான ரூபாய் இருக்கிறது. சில வீடுகளில் காணி விற்பனை இருக்கிறது. ஒரு தாயின் உயிரும் இருக்கிறது.

தமிழில் பேசுவதா ஆங்கிலத்தில் பேசுவதா என்று எங்களுக்குள் சிறு விவாதம் வந்தது. மருத்துவச் சொற்கள் தமிழில் பிடிபடாது என்று எங்களில் ஒருவர் சொன்னார். இங்கிருந்து சில மைல் தள்ளி, மானிப்பாயில், 19 ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். அமெரிக்காவில் இருந்து வந்த ஒருவர் அன்றே செய்ததை இங்கே பிறந்த நாங்கள் இன்று செய்ய முடியாது என்றால் வெட்கம். விவாதம் அதோடு முடிந்தது.

இனி விடயத்துக்கு வருவோம். "இதயச் செயலிழப்பு" என்றவுடன் இதயம் நின்றுவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது நிற்கவில்லை. உடலுக்கு வேண்டிய இரத்தத்தை வெளியே தள்ள முடியாமல், அல்லது உள்ளே வரும் இரத்தத்தை இலகுவாக ஏற்க முடியாமல் திண்டாடுகிறது. போன வருடம் கோயில் வீதியை மூன்று முறை சுற்றியவர் இந்த வருடம் ஒரு சுற்றிலேயே இளைத்து உட்கார்ந்துவிடுவார். படுக்கும்போது இரண்டு தலையணை தேவைப்படும். பின்னேரமானால் செருப்பு இறுக்கும். வயதாகிறதுதானே என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். பெண்கள் என்றால் அவர்களே விட்டுவிடுவார்கள்.

இதில் ஒரு பகுதியினருக்கு இன்னொரு கோளாறும் சேர்ந்திருக்கும். நல்லூரில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கத் தேர்த் திருவிழா போதும். இரண்டு வடங்களையும் பிடித்தவர்கள் ஒரே நேரத்தில் இழுத்தால் தேர் நேரே வரும். ஒரு வடக்காரர் முன்னுக்கும் மற்ற வடக்காரர் பிந்தியும் இழுத்தால் எல்லோரும் வியர்த்து நனைவார்கள், தேர் கோணி நிற்கும். இதயத்தின் இடது கீழறையும் அப்படித்தான். அதன் எல்லாப் பக்கமும் ஒன்றாகச் சுருங்கவேண்டும். அதற்கான மின் தூண்டலை இடப்புறத்துக்குக் கொண்டுபோகும் கிளை பழுதானால், ஒரு சுவர் முந்திச் சுருங்கும், எதிர்ச் சுவர் பிந்திச் சுருங்கும். இதை இடது கிளைத் தடை என்போம். ஈ.சி.ஜி. தாளில் கியூ.ஆர்.எஸ். என்ற கூரான அலை அகன்று தெரியும்.

இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தூண்டினால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் நாங்கள் பேசப்போகும் கருவி. 1994 இல் பிரான்சில் செர்ஜ் கசோ என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் இதயத்தின் நான்கு அறைகளையும் தூண்டும் முறையை ஒரு நோயாளியில் செய்து அறிக்கையிட்டார்கள். இன்று அதை ஒத்திசைவுச் சிகிச்சை, சுருக்கமாக சி.ஆர்.ரி., என்கிறோம். வழமையான பேஸ்மேக்கர் போன்ற சிறிய பெட்டி தோளெலும்புக்குக் கீழே தோலுக்குள் இருக்கும். அதிலிருந்து மூன்று வயர்கள் போகும். மூன்றாவது வயர், இதயத்தின் சொந்த இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பெருநாளத்துக்குள் நுழைந்து இடது அறையின் வெளிப்புறத்தைத் தொடும்.

இது வேலை செய்யும் என்பதில் சந்தேகம் இல்லை. 2005 இல் வெளியான கெயார்-எச்.எஃப். என்ற ஐரோப்பிய ஆய்வில் 813 நோயாளர் பங்குபற்றினார்கள். மருந்து மாத்திரம் எடுத்தவர்களில் 120 பேர் இறந்தார்கள். மருந்தோடு கருவியும் வைத்தவர்களில் 82 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு 30 என்பது 20 ஆகிறது. இதய நோயில் இவ்வளவு வித்தியாசம் காட்டும் சிகிச்சைகள் அதிகம் இல்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கருவி வைத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிவதில்லை. அந்த ஒருவருக்கும் அதே வெட்டு, அதே செலவு, வயர் விலகும் அபாயம், கிருமி தொற்றும் அபாயம், சில ஆண்டுகளில் பற்றரி முடிந்து பெட்டியை மாற்றும் தேவை எல்லாம் உண்டு. யாருக்குப் பயன்படும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு துளி இரத்தம் போதுமானால் எவ்வளவு நல்லது! உலகம் முழுவதும் ஆராய்ச்சியாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதைத்தான் தேடுகிறார்கள்.

இரத்தத்துக்கும் இதயச் சுவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். 1981 இல் கனடாவின் கிங்ஸ்ரன் நகரில் அடோல்ஃபோ டி போல்ட் என்பவர் எலியின் இதய மேலறைத் தசையை அரைத்து, அந்தச் சாற்றை வேறு எலிகளுக்கு ஏற்றினார். அந்த எலிகள் உப்பையும் நீரையும் மளமளவென்று சிறுநீரில் வெளியேற்றின. அதுவரை இதயத்தை ஒரு பம்பி என்று மட்டுமே நினைத்திருந்தோம். அது ஒரு சுரப்பியும்தான் என்று அன்று தெரிந்தது. 1988 இல் யப்பானிய ஆராய்ச்சியாளர்கள் பன்றியின் மூளையிலிருந்து இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மூளையில் கண்டதால் மூளைப் பெயரையே வைத்தார்கள். அதுதான் பி.என்.பி. உண்மையில் அதை அதிகம் சுரப்பது இதயத்தின் கீழறை. பெயர் மட்டும் மாறாமல் நின்றுவிட்டது. சொந்த ஊர் ஒன்றிருக்க வேறு ஊர்ப் பெயரோடு வாழ்வது எங்களில் பலருக்குப் புதிதல்ல.

கீழறையின் சுவர் இழுபடும்போது தசைக் கலங்கள் 108 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியைச் செய்கின்றன. அது இரண்டாக வெட்டப்படுகிறது. 32 அமினோ அமிலத் துண்டு பி.என்.பி.; வேலை செய்வது இதுதான். மற்ற 76 அமினோ அமிலத் துண்டு என்.ரி. புரோ பி.என்.பி.; இதற்கு வேலை ஒன்றும் இல்லை, ஆனால் இரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும். எங்களில் ஆய்வுகூடத்தில் இருப்பவருக்கு இரண்டாவதைத்தான் பிடிக்கும். பி.என்.பி. வெளியில் வைத்தால் சில மணித்தியாலத்திலேயே சிதையத் தொடங்கும். என்.ரி. புரோ பி.என்.பி. எங்கள் ஊர் வெயிலையும் மின்வெட்டையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். தூர வைத்தியசாலையில் எடுத்த இரத்தத்தை நகரத்துக்கு அனுப்பும் நாட்டில் இது சின்ன விடயமல்ல.

இந்த எண்ணை எப்படி வாசிப்பது? மூச்சு இளைப்போடு அவசரமாக வந்தவரிடம் 300 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆறுதலாகக் கிளினிக் வருபவரிடம் அந்த எல்லை 125. பிரித்தானியாவில் 2000 ஐத் தாண்டினால் இரண்டு கிழமைக்குள் நிபுணரைக் காட்டவேண்டும் என்று விதி இருக்கிறது. ஆக, நோய் உண்டா இல்லையா, அவசரமா ஆறுதலா என்று சொல்வதற்கு இது மிக நல்ல பரிசோதனை. ஆனாலும் எண் தனியே பேசாது. வயது ஏற அது ஏறும். சிறுநீரகம் பழுதானால் ஏறும். இதயம் ஒழுங்கில்லாமல் துடித்தால் ஏறும். உடல் பருத்தவர்களில் குறைவாகக் காட்டும். சுகமாக இருக்கும் பெண்களில்கூட அதே வயது ஆண்களைவிடச் சற்று உயர்ந்திருக்கும். சாக்குபிட்ரில் சேர்ந்த புதிய குளிசை எடுப்பவர்களில் பி.என்.பி. உயரும், என்.ரி. புரோ பி.என்.பி. அப்படி உயராது. இரண்டு பெயரையும் ஒன்றென்று எண்ணி ஒப்பிட்டால் குழப்பம்தான்.

அலகும் கவனிக்கவேண்டியது. நியூசிலாந்தில் பிக்கோமோல் கணக்கில் தருகிறார்கள். அங்கே 100 என்று வந்தால் இங்கே அது ஏறத்தாழ 850. இங்கிலாந்தின் நனோகிராம் லீற்றர் கணக்கும் எங்கள் பிக்கோகிராம் மில்லிலீற்றர் கணக்கும் ஒரே எண்ணைத்தான் தரும். ஓக்லண்டில் இருக்கும் மகள் தன் ஊர் அளவை வைத்து யாழ்ப்பாணத்து எண்ணைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவேண்டியதில்லை.

இப்போது ஒரு கதை. ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியே சொல்கிறோம். அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா. பிள்ளைகள் இருவர், ஒருவர் ஸ்காபரோவில், மற்றவர் சிட்னியில். அம்மாவின் என்.ரி. புரோ பி.என்.பி. 4800 என்ற தாளின் படம் வட்ஸ்அப்பில் போனது. மூத்தவர் சொன்னார், "இவ்வளவு கூடிவிட்டது, உடனே கருவி வைக்கவேணும், காசு நான் தாறன்." இளையவர் சொன்னார், "இவ்வளவு கூடினபிறகு வைச்சும் பிரயோசனம் இல்லை, அம்மாவைக் கஷ்டப்படுத்தாதேங்கோ." ஒரே எண், இரண்டு எதிரான தீர்ப்பு. இருவரும் அம்மாவில் பாசமானவர்கள், இருவரும் இணையத்தில் வாசித்தவர்கள். சண்டை முற்றி எங்களிடம் வந்தது.

இருவர் சொன்னதற்கும் அந்த எண்ணில் ஆதாரம் இல்லை. ஏன் என்பதைச் சற்று நின்று பார்ப்போம், ஏனென்றால் இந்த உரையின் மையம் இதுதான்.

ஒரு பரிசோதனை இரண்டு விதமான கேள்விகளுக்கு விடை தரலாம். இந்த நோயாளி எவ்வளவு ஆபத்தில் இருக்கிறார் என்பது ஒன்று. இந்தச் சிகிச்சையால் அவருக்கு எவ்வளவு நன்மை கிடைக்கும் என்பது மற்றது. முதலாவதற்கு நல்ல விடை தரும் பரிசோதனை இரண்டாவதற்கும் விடை தரும் என்று நாம் இயல்பாக நினைத்துவிடுகிறோம். பரீட்சைக்கு முன் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று பார்த்தால், பிள்ளை எவ்வளவு வருத்தமாக இருக்கிறது என்று தெரியும். எந்த மருந்து கேட்கும் என்று காய்ச்சல்மானி சொல்லாது. கெயார்-எச்.எஃப். ஆய்வில் என்.ரி. புரோ பி.என்.பி. உயர்ந்தவர்கள் அதிகமாக இறந்தார்கள். கருவி வைத்தவர்களிலும் அப்படி, வைக்காதவர்களிலும் அப்படி. ஆனால் எண் உயர்ந்தவர்களுக்குக் கருவி பயன்படாமல் போகவில்லை. குறைந்தவர்களுக்கு மட்டும் பயன்பட்டது என்றும் இல்லை. தேர் இழுப்பவரின் வியர்வையை அளந்தால் எவ்வளவு பாடுபடுகிறார் என்று தெரியும். வடங்கள் பிந்தி முந்தி இழுபடுவதால் பாடுபடுகிறாரா, மூன்று நாள் சாப்பிடாததால் பாடுபடுகிறாரா என்று வியர்வை சொல்லாது.

அந்த அம்மாவின் ஈ.சி.ஜி.யை எடுத்துப் பார்த்தோம். கியூ.ஆர்.எஸ். அலை ஒடுக்கமாக இருந்தது. அவருடைய இதயத்தில் இரு பக்கமும் ஒன்றாகத்தான் சுருங்கின. ஒத்திசைக்க அங்கே ஒன்றும் இல்லை. இப்படியானவர்களுக்கு இந்தக் கருவியை வைத்தால் என்ன நடக்கும் என்று 2013 இல் வெளியான எக்கோ-சி.ஆர்.ரி. ஆய்வு காட்டியது. 130 மில்லிசெக்கனுக்குக் குறைந்த அலை உள்ள 809 பேருக்குக் கருவி வைத்து, ஒரு பாதியினருக்கு அதை இயக்கி, மறு பாதியினருக்கு இயக்காமல் விட்டார்கள். இயக்கியவர்களில் 45 பேர் இறந்தார்கள், இயக்காதவர்களில் 26 பேர். ஆய்வை இடையில் நிறுத்தினார்கள். மூத்தவர் அன்போடு அனுப்ப இருந்த காசு அம்மாவுக்குக் கெடுதலை வாங்கித் தந்திருக்கும்.

கதையின் மறு பாதி இன்னும் எளிமையானது. 2022 இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அம்மா குளிசைகளைப் பாதியாக்கி மிச்சம் பிடித்திருக்கிறார். தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அதே பாதிக் கணக்கு தொடர்ந்திருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. கிளினிக்கில் யாரும் கேட்கவுமில்லை. மருந்தை முறைப்படி தொடங்கி, கவனமாக அளவைக் கூட்டினோம். மூன்று மாதத்தில் எண் பாதிக்குக் கீழே வந்தது. பிள்ளைகள் இருவரும் இப்போது மாறி மாறி அழைத்துக் குளிசை எடுத்தாயா என்று கேட்கிறார்கள். அம்மாவுக்கு அதுதான் கரைச்சல்.

இரத்தத்தில் வேறு குறிகள் இல்லையா? உண்டு. கருவி சிலருக்கு ஏன் பயன்படவில்லை என்று யோசித்தால் முதலில் வரும் விடை தழும்பு. மாரடைப்பில் இறந்த தசைக்குள் நார் படர்ந்திருந்தால், மின்சாரத்தை எவ்வளவு ஒழுங்காகக் கொடுத்தாலும் அது சுருங்காது. வடத்தைப் பிடித்தபடி மயங்கி விழுந்தவரை நேரம் பார்த்து இழுக்கச் சொல்வது போல. அப்படியானால் நார் படர்வதைக் காட்டும் பொருட்களை இரத்தத்தில் தேடலாம் அல்லவா? கலெக்ரின்-3, எஸ்.ரி.2, கொலாஜன் துண்டுகள் என்று ஒரு பட்டியலே ஆராயப்பட்டது.

கலெக்ரின்-3 இன் கதை சுவாரசியமானது. கெயார்-எச்.எஃப். ஆய்வில் அது உயர்ந்தவர்கள் மோசமான முடிவைக் கண்டார்கள். ஆனால் கருவியின் நன்மையை அது முன்னறியவில்லை. நோய் இலேசாக இருந்த 1820 பேரைச் சேர்த்த மடிற்-சி.ஆர்.ரி. ஆய்விலோ, அது உயர்ந்தவர்களுக்கே கருவியால் கூடுதல் நன்மை கிடைத்ததாகக் கண்டார்கள். நார் கூடினால் நன்மை குறையவேண்டும் என்பது கோட்பாடு. ஓர் ஆய்வு தொடர்பே இல்லை என்றது, இன்னோர் ஆய்வு நேர்மாறாகச் சொன்னது. எங்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஒன்றில் நோய் முற்றியவர்கள், மற்றதில் இலேசானவர்கள். சிறுநீரகம் தளர்ந்தாலும் கலெக்ரின் ஏறும். இப்படி ஆளுக்கு ஆள் அர்த்தம் மாறும் எண்ணை நம்பி யாருடைய சிகிச்சையையும் மறுக்கக்கூடாது என்பதே எங்கள் கருத்து.

புதிய தேடல்களும் நடக்கின்றன. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், மூன்றாவது வயரை வைக்கும் அதே பெருநாளத்திலிருந்து இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கையில் எடுக்கும் இரத்தம் உடல் முழுவதும் சுற்றி வந்தது. இது இதயத்தை விட்டு அப்போதுதான் வெளியேறியது. கெட்டிக்கார யோசனை. ஆனால் வெட்டத் தொடங்கிய பிறகு எடுக்கும் இரத்தம், வெட்டலாமா என்ற கேள்விக்கு எப்படி உதவும்? மைக்ரோ ஆர்.என்.ஏ. 30டி என்ற மிகச் சிறிய மூலக்கூறு, கருவியால் நன்மை பெறுபவர்களின் இரத்தத்தில் தொடக்கத்திலேயே உயர்ந்திருப்பதாக 2015 இல் எழுதினார்கள். நம்பிக்கை தருவதுதான். எந்த நாட்டிலும் இன்று அதை வைத்துக் கருவி பற்றித் தீர்மானிப்பதில்லை.

இரத்தத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஸ்கான் செய்தால் தெரியும் என்று நம்பி, 53 வைத்தியசாலைகளில் 498 நோயாளரிடம் எக்கோவின் 12 அளவீடுகளைச் சோதித்த புறொஸ்பெக்ட் ஆய்வு 2008 இல் வெளிவந்தது. ஒரு அளவீடும் நம்பத்தக்கதாகத் தேறவில்லை. இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. நன்மை என்று எதைச் சொல்கிறோம்? நோயாளி சுகமாக உணர்வதையா, இதயம் சுருங்கி அளவுக்கு வருவதையா, நீண்ட காலம் வாழ்வதையா? 2002 இல் வெளியான மிரக்கிள் ஆய்வில் 453 பேரைச் சேர்த்துக் கருவி வைத்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஆறு மாதம் அதை இயக்கவில்லை, அவர்களிடம் சொல்லவுமில்லை. இயக்கியவர்களில் நூற்றுக்கு 67 பேர் முன்னேறினார்கள். இயக்காதவர்களில் நூற்றுக்கு 39 பேர் முன்னேறினார்கள்! கருவி வைத்தாயிற்று என்ற நம்பிக்கை, அடிக்கடி கிளினிக் போவது, குளிசையை ஒழுங்காக எடுப்பது எல்லாம் சேர்ந்த பலன் அது. எதை எதிர்வுகூறுகிறோம் என்றே உடன்பாடில்லாதபோது எந்த இரத்தப் பரிசோதனை அதை எதிர்வுகூறும்?

அப்படியானால் எதை நம்புவது? பழைய ஈ.சி.ஜி. தாளைத்தான். விலை மிகக் குறைந்த பரிசோதனை, எந்த ஆதார வைத்தியசாலையிலும் எடுக்கலாம். முறையான மருந்தை மூன்று மாதமாவது எடுத்த பிறகும் இதயம் வெளியே தள்ளும் அளவு நூற்றுக்கு 35 அல்லது அதற்குக் கீழே இருந்து, இடது கிளைத் தடையும் இருந்து, கியூ.ஆர்.எஸ். 150 மில்லிசெக்கன் அல்லது அதற்கு மேல் அகன்றிருந்தால் கருவியால் நன்மை கிடைக்கும் வாய்ப்பு நன்றாகவே உண்டு.

இந்த 150 என்ற எண்ணைப் பற்றிப் பெண்கள் பாடசாலையில் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியே ஆகவேண்டும். இந்த ஆய்வுகளில் பங்குபற்றியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மூன்று பெரிய ஆய்வுகளின் 4076 பேரை ஒன்றுசேர்த்து அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2014 இல் ஒரு பகுப்பாய்வு வெளியிட்டார்கள். அதில் பெண்கள் நூற்றுக்கு 22 பேர்தான். இடது கிளைத் தடையோடு 130 முதல் 149 வரை உள்ள பெண்களில், இதயச் செயலிழப்பு மோசமாவதும் இறப்பும் கருவியால் நூற்றுக்கு 76 குறைந்தது. அதே அகல ஆண்களில் குறிப்பிடத்தக்க நன்மை இல்லை. பெண்ணின் இதயம் சிறியது. சிறிய இதயத்தைக் கடக்க மின்சாரத்துக்கு 138 மில்லிசெக்கன் எடுத்தால் அது பெரிய தாமதம். ஆணின் அளவில் தைத்த சட்டையைப் போட்டுப் பார்த்து உனக்குப் பொருந்தாது என்று பெண்களை அனுப்பியிருக்கிறோம். 2023 இல் வெளியான சர்வதேச வழிகாட்டி, இடது கிளைத் தடையுள்ள பெண்களுக்கு 120 முதல் 149 வரையிலும் கருவியைப் பரிந்துரைக்கிறது. ஆகவே உங்கள் அம்மாவுக்கோ அக்காவுக்கோ "150 இல்லை, தேவையில்லை" என்று யாராவது சொன்னால் மரியாதையாக இன்னொரு தடவை கேளுங்கள்.

எங்களைப் போன்றவர்கள் இந்த ஆய்வுகளில் மிகக் குறைவு. கடலுக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் 1205 இதயச் செயலிழப்பு நோயாளரைப் பதிவுசெய்து தொடர்ந்தார்கள். சராசரி வயது 61. மேலைநாட்டுப் பதிவுகளைவிட ஏறத்தாழ பத்து வயது இளமை. நூற்றுக்கு 72 பேருக்குக் காரணம் இதய நாடி அடைப்பு, அதாவது தழும்புள்ள இதயங்கள். மூன்று மாதத்துக்குள் இறக்கும் ஆபத்தைக் கூட்டியவற்றில் போதாத மருந்துச் சிகிச்சையும் குறைந்த படிப்பும் இருந்தன. குறைந்த படிப்பு என்ற வரியை வாசித்தபோது எங்கள் இருவருக்கும் நூறு வருடத்துக்கு முன் இந்தப் பாடசாலையின் முதல் வாங்கில் இருந்த பிள்ளைகளின் நினைவு வந்தது.

கருவியும் மாறிவருகிறது. மூன்றாவது வயருக்குப் பதிலாக, இடது கிளை இருக்கும் இடத்திலேயே வயரைப் பதித்து இயற்கையான பாதையைத் தூண்டும் முறை 2017 இல் சீனாவில் விவரிக்கப்பட்டது. அதை உலகெங்கும் பரப்பியவர்களில் ஒருவர் அமெரிக்காவில் பணியாற்றும் புகழேந்தி விஜயராமன், பெயரே தமிழ். அவரும் கூட்டாளிகளும் 2023 இல் 1778 நோயாளரை ஒப்பிட்டதில், இறப்பும் வைத்தியசாலை அனுமதியும் சேர்ந்து பழைய முறையில் நூற்றுக்கு 28 ஆகவும் புதிய முறையில் ஏறத்தாழ 21 ஆகவும் இருந்தன. குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு அல்ல என்பதால் நாங்கள் இன்னும் அவசரப்படவில்லை. ஆனால் யாருக்குப் பயன்படும் என்ற கேள்வியே இந்த முறையால் மாறக்கூடும்.

இரத்தப் பரிசோதனையைத் தூக்கி எறியச் சொல்கிறோம் என்று நினைக்கவேண்டாம். கருவி வைத்து மூன்று மாதம் கழித்துப் பார்க்கும் எண்ணுக்கு, வைப்பதற்கு முன் பார்த்த எண்ணைவிடப் பெறுமதி அதிகம். அது இறங்கியிருந்தால் நிம்மதி. இறங்காவிட்டால், வயர் நல்ல இடத்தில் இருக்கிறதா, கருவி உண்மையில் எல்லாத் துடிப்பையும் தூண்டுகிறதா, மருந்து போகிறதா என்று தேடத் தொடங்கவேண்டும். அதற்காகவே முன்னைய தாளை எறியாமல் வையுங்கள். முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்தில், ஒரே பெயருள்ள பரிசோதனையைச் செய்யுங்கள்.

வெளிநாட்டில் இருந்து காசு அனுப்ப யோசிப்பவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இது. இரத்தத் தாளோடு ஈ.சி.ஜி. தாளையும் முழுதாக, பெயரும் திகதியும் தெரிய, படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எக்கோவில் வெளியே தள்ளும் அளவு என்ன, சிறுநீரகக் கிரியற்றினின் என்ன என்று கேளுங்கள். எந்தெந்தக் குளிசை, எத்தனை மில்லிகிராம், உண்மையில் எடுக்கிறாரா என்று அம்மாவிடமே, பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அன்பாகக் கேளுங்கள். கருவி தேவையென்றே முடிவானால் அரச வைத்தியசாலையில் என்ன செய்யலாம், ஜனாதிபதி நிதியத்தில் உதவி பெறலாமா என்று விசாரித்த பிறகு காணியைப் பற்றி யோசிக்கலாம்.

தேநீருக்குப் பிறகு பக்கத்து வகுப்பறையில் நாங்கள் இருவரும் இருப்போம். ஈ.சி.ஜி. தாள் கொண்டுவந்தவர்கள் வாருங்கள். அந்தத் தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெக்கன். மூன்று கட்டம் 120, நான்குக்குச் சற்றுக் குறைவு 150. எண்ணத் தெரிந்த எவரும் கியூ.ஆர்.எஸ். அகலத்தைத் தாங்களே பார்க்கலாம். கண்ணாடியை மறக்காமல் கொண்டுவாருங்கள்.